மசிக்காத காய்

முட்டையை உடைப்பதற்கு முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றால் யாருக்கும் வரும். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் அடுப்புப் பக்கம் போக முடியாது. அடுப்புப் பக்கம் போய்விட்டால் திரும்ப முடியாது. ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், சுவரில் ஒரு கழிவுநீர்க் குழாய், குழாயில் ஒரு கசிவு. நான் தினமும் பார்க்கிற வெளியுலகம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. வந்ததும் வராததுமாகப் பையைக் கதவில் மாட்டிவிட்டுக் காய் நறுக்க ஆரம்பித்திருந்தேன். அண்ணி துணிக்கடையில் பில் போடுகிறவள். அவளுக்கும் அன்று மதியத்தோடு வேலை முடிந்துவிட்டது. ஹாலில் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, சாப்பாடு ஆயிற்றா என்று இரண்டு தடவை கேட்டாயிற்று. அண்ணன் கூரியர் வேன் ஓட்டுகிறவன். வேனைக் கீழே நிறுத்திவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான். அப்பா குளிக்கப் போயிருந்தார்.

செய்யப்போவது ஃப்ரிட்டாட்டா. முட்டையைக் கொஞ்சம் பால் விட்டு அடித்து, வதக்கிய காய்கறியோடு கனமான சட்டியில் ஊற்றி, மூடி போட்டுச் சிறு தீயில் வேக விட வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. பெயர்தான் யார் வாயிலும் நுழையாது. அப்பா அதை முட்டைக் கேக் என்பார். அண்ணன் 'அது' என்பான். இன்றைக்கும் அதுதானா என்று அவன் கேட்கிற தொனியிலேயே எனக்குப் பாதிப் பசி போய்விடும்.

இதில் கொடுமை என்னவென்றால் எங்கள் வீட்டில் இரண்டு சட்டி வைக்க வேண்டும். ஒன்று பல் இருக்கிறவர்களுக்கு. இன்னொன்று அப்பாவுக்கு. அப்பாவின் சட்டிக்குக் கேரட்டையும் பீன்ஸையும் குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, நார் தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, அப்புறம்தான் முட்டையில் கலக்க வேண்டும். அடியில் சிவந்துவிடக் கூடாது. சிவந்தால் கெட்டியாகிவிடும், கெட்டியானால் அப்பாவால் மெல்ல முடியாது. மெல்ல முடியாவிட்டால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவார். அது திட்டுவதைவிட மோசம்.

நான் பல் கட்டுகிறவள். டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். லேபில் உட்கார்ந்து மெழுகில் ஒவ்வொரு பல்லாக அடுக்கி, அச்சில் போட்டு, ஈறு நிறத்தில் வார்த்து, தேய்த்து மெருகேற்றி, முழு பல்செட்டாகத் திருப்பி அனுப்புவது என் வேலை. எத்தனையோ பேர் என் பல்லை வைத்துச் சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பொய் சொல்கிறார்கள். அப்பாவுக்கும் இரண்டு வருஷத்துக்கு முன் நானே செய்தேன். இருந்ததிலேயே நல்ல பல்லாகப் பொறுக்கி எடுத்தேன். முன்பல் ஒன்றைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன், அவருடைய பழைய சிரிப்பு வரட்டும் என்று. வேறு யாருக்கும் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

போட்ட அன்றே நோகிறது என்றார். புதுப் பல்செட் முதலில் நோகத்தான் செய்யும். ஒரு வாரம் மெத்தென்று ஏதாவது கொடுங்கள் என்று கிளினிக்கில் இருந்த நர்ஸ் சொல்லிக்கொடுத்ததுதான் இந்த ஃப்ரிட்டாட்டா. அந்த ஒரு வாரம் இரண்டு வருஷமாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, எங்கே நோகிறது என்று கேட்டு, ஈறை விரலால் அழுத்திப் பார்ப்பேன். வலப்பக்கம் என்பார். லேபுக்கு எடுத்துப் போய் அந்த இடத்தில் மயிரிழை அளவு தேய்த்துக் கொண்டுவருவேன். அடுத்த வாரம் மறுபடி வலப்பக்கம் என்பார். கடைசியில் பல்செட்டை டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். விடு பாப்பா, எனக்கு ராசி இல்லை என்றார்.

ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவளுக்குப் பெற்ற அப்பனுக்கு ஒரு பல் கட்டத் தெரியவில்லையே என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது அவள் எண்ணம். எனக்குச் சுருக்கென்றது. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கைவேலை அப்பாவின் வாயில் தோற்றுவிட்டது. அதற்கு நான்தானே மசித்துக் கொட்ட வேண்டும்?

அதனால் தினமும் மதியம் லேபிலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, மசித்து, ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு, மறுபடி பஸ் பிடித்து ஓடுவேன். கூட வேலை பார்ப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுச் சிரிக்கிற நேரத்தில் நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பேன். வெளியூரில் சிநேகிதியின் கல்யாணம், போகவில்லை. ஒரு ராத்திரி எங்கும் தங்கியதில்லை. யாரும் என்னைப் போகாதே என்று சொன்னது கிடையாது, அதுதான் வேடிக்கை. அப்பா வாயைத் திறந்து வெறும் ஈறைக் காட்டினால் போதும். நான் செருப்பைக் கழற்றிவிடுவேன்.

இப்போது இன்னொரு ஊரில், பெரிய லேப் ஒன்றில், பல்செட் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். லேபின் முதலாளியம்மா என் வேலையை ஏதோ ஒரு கிளினிக்கில் பார்த்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று விசாரித்துக்கொண்டு தேடி வந்தவர். போன வருஷமும் கூப்பிட்டார், முடியாது என்றேன். இந்தத் தடவை, சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் சொல்லிவிடு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன், மூன்றாவது தடவை கேட்கமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமைதான் இது. எனக்கு வயது முப்பத்தாறு. இந்தக் கதவு மூடினால் அடுத்தது இந்த ஜன்னல்தான்.

கேரட் வெந்துகொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. அந்தப் பல்செட்டை இன்னும் ஒரே ஒரு தடவை சரிசெய்து பார்த்தால் என்ன? அப்பாவால் மெல்ல முடிந்துவிட்டால், நான் இல்லாதபோது அண்ணி என்ன சமைத்தாலும் அவரும் சாப்பிடலாம். நான் போகலாம். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு அவர் அறைக்குப் போய் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தேன்.

எடுத்தவுடனேயே ஏதோ இடித்தது. மாதக்கணக்கில் தொடாத டப்பா என்றால் தண்ணீர் வற்றியிருக்க வேண்டும், அல்லது வாடை அடிக்க வேண்டும். இதில் தண்ணீர் பளிங்காக இருந்தது. பல்செட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி ஜன்னலுக்கு வந்து, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

புதுப் பல்லில் கடைவாய்ப் பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்த மேடுகள் நானே செதுக்கியவை. எந்த மேடு எந்தப் பள்ளத்தில் உட்காரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இப்போது மேடுகளைக் காணோம். தேய்ந்து மழுங்கி, வெளிச்சம் பட்டால் பளபளவென்று கண்ணாடித் துண்டாக மின்னியது. டப்பாவில் கிடந்து பல் தேயாது. கடித்து, அரைத்து, மென்றால்தான் தேயும். அதுவும் தயிரும் கஞ்சியுமாகச் சாப்பிட்டு இப்படித் தேயாது. வலப்பக்கம் நோகிறது, வலப்பக்கம் நோகிறது என்றாரே, வலப்பக்கம்தான் அதிகம் தேய்ந்திருந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் பல்செட் தோற்கவில்லை! எவ்வளவு அழகாக, எவ்வளவு சமமாகத் தேய்ந்திருக்கிறது. அப்பாவின் தாடைக்கு அச்சாகப் பொருந்தியிருக்கிறது. லேபுக்கு எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டலாம் போல இருந்தது. அப்புறம்தான் கோபம் கிளம்பியது. இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக என் காதில் பூ சுற்றியிருக்கிறார். அதுவும் யாரிடம்? பல் கட்டுகிறவளிடம். கறை படியாமல் தினமும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் மாற்றி, எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார். பல் தேயும் என்பது மட்டும் அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

குளியலறைக் கதவைத் தட்டிக் கத்தியிருப்பேன். கத்தவில்லை. மத்தை எடுத்துத் தொட்டியில் போட்டேன். குழைந்த கேரட்டைக் குப்பையில் கொட்டினேன். சின்னச் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். இன்றைக்கு ஒரே சட்டிதான்.

புதுக் கேரட்டை விரல் தடிமனில் நறுக்கினேன். முட்டைக்கோஸின் தண்டைக்கூட விடவில்லை. பீன்ஸை ஒடித்துப் போட்டு, நெருப்பைக் கண்ணால் பார்த்தாலே போதும் என்கிற அளவுக்கு மட்டும் எண்ணெயில் வதக்கினேன். முட்டையை நான் அடித்த அடியில் அண்ணன் ஹாலிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டான். ஒன்றுமில்லை, அதுதான் என்றேன். ஊற்றி, மூடினேன். அடி சிவக்கட்டும் என்று தீயைக் கூட்டி வைத்துவிட்டு நின்றேன். சுவர், குழாய், கசிவு. கண் கலங்கியது, வெங்காயம் நறுக்கி வெகு நேரமாகியிருந்தது. இவர் மட்டும் அன்றைக்கே சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போன வருஷமே போயிருப்பேனே.

எல்லோரும் மேஜைக்கு வந்தார்கள். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்து, ஒரே ஒரு சட்டி இருப்பதைப் பார்த்தார். அப்புறம் தன் தட்டுக்குப் பக்கத்தில் திறந்திருந்த டப்பாவைப் பார்த்தார். திருதிருவென்று விழித்தார். நான் கத்தியால் வெட்டியபோது ஒவ்வொரு துண்டிலும் காய் நறுக் நறுக்கென்று முறிந்தது. பெரிய துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தேன்.

"போட்டுக்கிட்டுச் சாப்பிடுங்கப்பா."

"நோகுமே பாப்பா."

"எந்தப் பக்கம்?"

பழக்கதோஷத்தில் கை தானாக வலது கன்னத்துக்குப் போனது.

"அந்தப் பக்கம்தான் ரெண்டு வருஷமா அரைச்சுத் தள்ளியிருக்கீங்க. நான் மலை மாதிரி செதுக்கி வெச்ச பல்லு மைதானமா கிடக்கு. என்னப்பா சாப்பிட்டீங்க, கருங்கல்லா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி தன் துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, நான் அப்போதே சொன்னேன், பல் விஷயத்தில் போய் இவளிடம் பொய் சொல்லாதீர்கள் என்று, யார் கேட்டார்கள் என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

ஆக, வீடு முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

அண்ணனைப் பார்த்தேன். அவன் டிவியைப் பார்த்தான். பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வந்தது. சாயந்திரங்களில் அப்பாவைக் காற்றாட வேனில் கூட்டிப் போகிறேன் என்பானே, போய் வறுத்த கடலை, சுட்ட சோளம், கோழிக்கால். அப்பா எலும்பைக்கூட விடமாட்டார் என்று சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வேறு வந்தது. பல் போட்ட ஒரே மாதத்தில் வலி போய்விட்டதாம். போன வருஷம் எனக்கு அந்த ஊர் வேலை பற்றிப் பேச்சு வந்ததும், உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று இருந்துவிட்டார்களாம். நீ போய்விட்டால் வீடு என்ன ஆவது, யார் சமைப்பது, அண்ணியும் வேலைக்குப் போகிறவள்தானே என்றான். அப்புறம் கொஞ்சம் நியாயமும் பேசினான்.

"உன்னை யாரும் கட்டிப் போடலையே. நீயாத்தானே இருந்தே?"

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஏதாவது சொன்னால் சட்டி பறக்கும் என்று எனக்கே பயமாக இருந்தது.

அதற்குள் அப்பா டப்பாவிலிருந்து பல்செட்டை எடுத்தார். கண்ணாடி பார்க்கவில்லை, தடவவில்லை. இரண்டு விரலால் கீழ்ச்செட்டு, கட்டைவிரலால் மேல்செட்டு, ஒரு அழுத்து, முடிந்தது. லேபுக்கு வருகிற எந்தக் கிழவனும் இவ்வளவு லாவகமாகப் போட்டு நான் பார்த்ததில்லை. கன்னம் நிரம்பி, அப்பாவின் பழைய முகம் வந்து உட்கார்ந்தது. துண்டைக் கையால் எடுத்துக் கடித்தார். கேரட் முறிகிற சத்தம் மேஜை முழுவதும் கேட்டது. பாழாய்ப்போன மனசு, அப்போதும் ஒரு கணம் பெருமைப்பட்டுத் தொலைத்தது.

"ஏம்ப்பா?" என்றேன்.

பல் இருந்ததால் குரல் தெளிவாக வந்தது. இரண்டு வருஷமாக அந்தக் குரலை நான் கேட்டிருக்கவில்லை.

"முதல்ல நிஜமாத்தான் நொந்துச்சு. நீ தினம் கட்டில்ல வந்து உக்காந்து, எங்கப்பா நோகுதுன்னு கேப்பே. இந்த வீட்ல அப்படி என்கிட்ட வேற யாரு கேக்கறா? சரியாப் போச்சுன்னு சொல்லிட்டா நீ கேக்கறதை நிறுத்திடுவே. அப்புறம் ஊருக்குப் போறேன்னு வேற சொன்னே. பயமாப் போச்சு பாப்பா."

இந்த இடத்தில் நான் விழுந்திருப்பேன். உண்மையாகவே விழுந்துகொண்டுதான் இருந்தேன். கோபம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெறும் ஈறைக் காட்டியபோதாவது செருப்பைக் கழற்ற எனக்கு ஒரு நிமிஷம் ஆகும்; பல்லோடு உண்மையைச் சொன்னபோது அதுகூட ஆகவில்லை. சரிப்பா, போகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அண்ணன் முந்திக்கொண்டான்.

"இவ்வளவு பாசம்னா ஒண்ணு செய்யேன். அப்பாவையும் உன்கூடக் கூட்டிட்டுப் போயிடேன்."

அதுவும் நல்ல யோசனைதான் என்று அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பாவின் அறையில் ஜன்னல் பெரியது, அலமாரியை இந்தப் பக்கம் நகர்த்தினால் தையல் மிஷினைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லவே ஆரம்பித்துவிட்டாள். அண்ணன், வேனிலேயே சாமான்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன் என்றான். கொஞ்ச நேரத்துக்கு முன், நீ போனால் வீடு என்ன ஆவது என்று கேட்ட அதே வாய்.

நான் அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கடையில் ஒரு பொருளை வாங்கிய பிறகு அதன் விலையைக் கேட்ட ஆள் மாதிரிப் பார்த்தார். பிறகு தண்ணீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

"நான் எங்கயும் வரலை," என்றார். "என் ரூம்லதான் இருப்பேன். நீ போன் பண்ணு பாப்பா."

"நீங்க என்னப்பா பண்ணுவீங்க?"

"எனக்குத்தான் பல் இருக்கே. என்ன போட்டாலும் மெல்லுவேன்."

சொல்லும்போது அவர் அண்ணியைப் பார்க்கவில்லை. அண்ணி தட்டைப் பார்த்தாள். எனக்குப் போனை எடுக்கக் கை வரவில்லை. எடுத்தால் அவரை இவர்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். எடுக்காவிட்டால், தெரிந்தே மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது. பெற்றவர் ஒருத்தர் பொய் சொல்லிப் பிடித்து வைத்தார், இப்போது உண்மையைச் சொல்லித் தள்ளுகிறார், இரண்டையும் நான்தான் தாங்க வேண்டுமா என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் எண்ணை அழுத்தினேன். அது இல்லாவிட்டால் அழுத்தியிருக்கமாட்டேன்.

முதலாளியம்மா உடனே எடுத்தார். வருகிறேன் என்றேன். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். எப்போதிலிருந்து வரமுடியும் என்று கேட்டார். அடுத்த மாதம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்பாவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், இவர்களிடம் பேச வேண்டும், மாதத்தில் இரண்டு மூன்று தடவை நான் வீட்டுக்கு வந்துபோகிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் கிடைத்தால் அந்த ஒரு மாதத்தில் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக அப்பாவுக்குத் தெரியும் போலிருக்கிறது.

"திங்கக்கிழமைன்னு சொல்லு," என்றார், போனில் அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்குச் சத்தமாக.

திங்கட்கிழமை என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா தலை நிமிராமல் மென்றுகொண்டிருந்தார், பெரிய துண்டைக் கடித்தவரைப் போல, வலப்பக்கமாக, நிறுத்தாமல். அவர் தட்டு எப்போதோ காலியாகியிருந்தது. மற்றவர்கள் கவனித்திருக்கமாட்டார்கள். தாடை அசைகிற அசைவைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், அந்த வாயில் எதுவும் இல்லை.